தோர்ணக்கல் பேராயர் அசரியா: அதிகாரத்தின் ஊற்று

ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவை (1874–1945) மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரண்டு நிகழ்வுகளையே பற்றிக்கொள்கின்றனர். ஒன்று, 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், இந்தியரை நண்பராக நடத்தத் தவறும் ஐரோப்பிய மிஷனெரிகளை அவர் நேருக்கு நேர் கண்டித்தது. மற்றொன்று, மதமாற்றம் குறித்துக் காந்தியடிகளோடு 1930களில் எழுந்த பிணக்கு. முன்னதைக் கொண்டு அவரைத் தேசியவாதி என்பர். பின்னதைக் கொண்டு ஆங்கிலேயர் ஆதரவில் நின்றவர் என்பர். இரண்டுமே அவருடைய அன்றாடப் பணியைக் கணக்கில் எடுக்காத தீர்ப்புகள்.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு குருவின் மகனாகப் பிறந்து, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராய்ச் சுற்றியவர் அசரியா. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றார். வெளிநாட்டுப் பணத்தை நாடாமல், திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களின் காணிக்கையாலேயே அது நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது. 1909இல் குருப்பட்டம் பெற்றதும் அசரியாவும் அங்கேயே சென்றார். அவர் தமிழர்; மக்களோ தெலுங்கர். மொழி பழகி, அந்நியராக அவர்களிடையே வாழ வேண்டியிருந்தது. எடின்பரோவில் அவர் பேசியதற்கு இந்த அனுபவமும் உரமாயிருந்தது என்றே கொள்ள வேண்டும்.

சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட்டின் விடாமுயற்சியால், ஐரோப்பியர் பலரின் எதிர்ப்பையும் மீறி, 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். பட்டம் கல்கத்தாவில் கிடைத்தது. ஆனால் அவருடைய அதிகாரம் வேர்பிடித்தது தாழ்த்தப்பட்ட மாலா, மாதிகா சாதி மக்களின் சிற்றூர்ச் சபைகளில்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஞானஸ்நானம் பெறுவோர் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தியை அறிவிப்பது தம் கடமை என்று உறுதி கூறும் வழக்கத்தை அவர் நிலைநாட்டினார். உதவி பெறுவோராக மட்டும் எண்ணப்பட்ட எளியவர்களை அது பொறுப்பாளிகளாக்கியது. அவர் காணிக்கையை ஓயாது வலியுறுத்தியதும் இதே நோக்கத்தால்தான்.

இதை மனத்திற்கொண்டால் காந்தியடிகளோடு ஏற்பட்ட பிணக்கின் உட்பொருள் விளங்கும். தாழ்த்தப்பட்டோர் சமயத்தைத் தேர்ந்து முடிவெடுக்கும் தகுதி அற்றோர் என்ற காந்தியின் கருத்தை அசரியாவால் ஏற்கவே முடியவில்லை. அவர்களின் முடிவெடுக்கும் ஆற்றலை அவர் நாள்தோறும் கண்டிருந்தார். அதே மனிதர், கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாமென்றும் எதிர்த்தார். அரசு வகுத்துத் தரும் வேலிக்குள் சபை ஓர் அரசியல் கூட்டமாகச் சுருங்கிவிடும் என்பது அவருடைய அச்சம். ஆங்கிலேயர் தயவை நாடியவராக இருந்திருந்தால் இந்தச் சலுகையை அவர் ஏன் உதறினார் என்பதற்கு விடை கிடையாது. எனினும் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்: மாலா, மாதிகா பிரிவினை சபைக்குள்ளும் தொடர்ந்தது; அவரது உழைப்பு அதை முற்றாக நீக்கவில்லை.

1919இல் தரங்கம்பாடியில், பெரும்பாலும் இந்தியக் குருமார் கூடி விடுத்த சபை ஐக்கிய அறிக்கையில் அவர் பங்கு முதன்மையானது. மேலைநாட்டுப் பிளவுகள் சிற்றூர்க் கிறிஸ்தவர்களுக்கு எந்தப் பொருளும் தராதவை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அந்த முயற்சி 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியபோது, அவர் மறைந்து இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.