வகுப்பறையிற் பிறந்த அணு

அணுவைப் பற்றிய அறிவு ஆய்வுகூடத்தில் மாத்திரமே பிறந்து வளர்ந்ததென்றும், அங்கு முடிந்த முடிபாகக் கிடைத்ததை மாணவருக்கு எடுத்து வழங்குவதே ஆசிரியரின் கடமையென்றும் ஒரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதன் விளைவை இடைநிலை வகுப்புக்களிற் காண்கிறோம். கரும்பலகையில் ஒரு வட்டம், அதன் நடுவே புரோத்தனும் நியூத்திரனும், சுற்றிலும் இலத்திரன்கள். மாணவர் அப்படத்தைப் பிரதி செய்கின்றனர், மனனஞ் செய்கின்றனர், பரீட்சையில் ஒப்புவிக்கின்றனர். ‘இஃது எவ்வாறு தெரியவந்தது?’ என்று கேட்கும் பிள்ளைக்கு விடை கிடைப்பதில்லை. விஞ்ஞானத்தையே சான்று கேளாது நம்பப் பழகிய உள்ளம், நாளை வேறெதனையும் சான்று கேளாது நம்பும். ஆதலின், இதனைப் பாடத்திட்டச் சிக்கல் என்று ஒதுக்கிவிட நம்மால் இயலாது.

அணு என்னும் கருத்துப் பழையது. கிரேக்கத்தில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் டெமோக்கிரிட்டசும், பாரதத்தில் வைசேடிகரும் அணுக்கொள்கை பேசினர். ஆசீவகரின் அணுக்கொள்கையை மணிமேகலை தமிழிலேயே எடுத்துரைக்கின்றது. இவை சிந்தனை வரலாற்றில் மதிக்கத்தக்க முயற்சிகளே. ஆயினும், இவற்றைக் காட்டி ‘நம் முன்னோர் அறியாத அணுவா?’ என மார்தட்டுவோர், ஊகத்துக்கும் நிறுவைக்கும் இடையேயுள்ள தூரத்தை மறைத்துவிடுகின்றனர். அணுவைத் தராசுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

இங்கிலாந்தின் வடபுலத்துச் சிற்றூரொன்றில், நெசவுத் தொழில் செய்த குடும்பத்தில், 1766இற் பிறந்தவர் ஜோன் டால்டன். பன்னிரண்டு வயதிலேயே ஊர்ப்பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லத் தொடங்கினார். அரச திருச்சபையைச் சாராத குவேக்கர் குழுவினர் ஆதலால், ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் வாயில் அவருக்கு அடைபட்டிருந்தது. மான்செஸ்டர் நகரிற் கற்பித்தும், தனிப்பாடஞ் சொல்லியும் பிழைத்த அம்மனிதரே, ஒவ்வொரு மூலகத்தின் அணுவுக்கும் தனித்த நிறையுண்டு என்று கூறி, 1803இல் அந்நிறைகளைக் கணிக்க முற்பட்டார். 1808இல் தமது நூலை வெளியிட்டார்.

ஆனால் அவருடைய கணக்கில் ஒரு முடிச்சு விழுந்தது. ஒரு கிராம் ஐதரசனுடன் ஏறத்தாழ எட்டுக் கிராம் ஒட்சிசன் சேர்ந்தால் நீர் உண்டாகின்றது. ஓர் அணுவுடன் ஓர் அணுவே சேர்கின்றது என டால்டன் கொண்டார். அவ்வாறாயின், ஒட்சிசன் அணு ஐதரசன் அணுவைப்போல் எட்டு மடங்கு நிறையுடையது. இரண்டு ஐதரசன் அணுக்கள் ஓர் ஒட்சிசன் அணுவுடன் சேர்வதாயின், அது பதினாறு மடங்காகும். இவற்றுள் எது மெய்? தராசு மாத்திரம் இதற்கு விடை தராது. வாயுக்களின் கனவளவையும் நோக்கவேண்டும். இரண்டு பங்கு ஐதரசனும் ஒரு பங்கு ஒட்சிசனுமே சேர்ந்து நீராகின்றன என்பதைக் கேலுசாக்கு என்னும் பிரெஞ்சு அறிஞர் காட்டினார். சம கனவளவு வாயுக்களில், ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும், சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் உண்டு என 1811இல் அவகாதரோ கூறினார். இவ்விரண்டையும் இணைத்தால் முடிச்சு அவிழும். எனினும், டால்டன் இதனை ஏற்கவில்லை. அறிஞருலகும் அரை நூற்றாண்டு குழம்பியே நின்றது.

அக்குழப்பத்தை நீக்கியதும் வகுப்பறையே. சிசிலித் தீவில் 1848இல் எழுந்த புரட்சியிற் பங்குகொண்டு, அது தோல்வியுற்றபின் நாடுகடந்து வாழ்ந்த கனிசாரோ, பின்னர் ஜெனோவாவிற் பேராசிரியரானார். மாணவருக்கு இரசாயனத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டுமென்ற தேவையினால், அவகாதரோவின் கருத்தை அடிப்படையாக வைத்துத் தம் பாடத்தை ஒழுங்குசெய்தார்; அப்பாடச் சுருக்கத்தை 1858இல் அச்சிட்டார். 1860இல் கார்ல்ஸ்ரூ நகரிற் கூடிய இரசாயன அறிஞர் மாநாட்டில் அச்சிறு வெளியீடு வழங்கப்பட்டது. அங்கு வந்திருந்த இளைஞருள் ஒருவர் உருசியரான மென்டலீவு. பின்னாளில் பீற்றர்ஸ்பர்க்கில் தம் மாணவருக்குத் தகுந்த பாடநூல் இல்லாமை கண்டு, அவரே அதனை எழுதத் தொடங்கினார். மூலகங்களை எவ்வொழுங்கில் வைத்துக் கற்பிப்பது என்ற கேள்விக்கு விடை தேடுகையிலேயே, 1869இல் ஆவர்த்தன அட்டவணை உருவாயிற்று. அவர் வெற்றிடமாக விட்ட இடங்களிற் சில, 1875க்கும் 1886க்கும் இடையில் காலியம், ஸ்கந்தியம், சேர்மானியம் என்னும் மூலகங்களால் நிரம்பின.

1897இல் தொம்சன் இலத்திரனைக் கண்டார். பிளக்கவியலாதது எனப்பட்ட அணு உட்கூறுகள் உடையதாயிற்று. 1909இல், டால்டன் வாழ்ந்த அதே மான்செஸ்டரில், இரதபோட்டின் வழிகாட்டலிற் கைகரும், பட்டம் பெறாத இருபது வயது மாணவரான மாஸ்டனும் உலோகத் தகடுகளின்மீது அல்பாத் துகள்களைச் செலுத்தினர். பிளாற்றினத் தகட்டில் ஏறத்தாழ 8000இல் ஒன்று பின்னோக்கித் திரும்பியது. இச்சிறு விலகலை அலட்சியம் செய்யாததனால், 1911இல் அணுக்கரு என்னும் கருத்து உருவாயிற்று. 1913இல் போர் வரைந்த பாதைகளும் நிலைக்கவில்லை. 1926இல் சுரோடிங்கரின் சமன்பாடு வந்தபின், இலத்திரன் வட்டப்பாதையிற் சுழலும் சிறு கோளம் என்ற எண்ணம் கைவிடப்பட்டது. சட்விக் நியூத்திரனைக் கண்டது 1932இல். இவ்வாறிருக்க, நம் கரும்பலகை வட்டம் இறுதி உண்மையின் கோலத்தில் இன்றும் வரையப்படுகின்றது.

இவ்வரலாற்றை வகுப்பிற் சொல்வதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. நீரை மின்பகுத்து, ஒரு குழாயிற் சேரும் வாயு மற்றையதன் இருமடங்கு என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணாற் காணட்டும். எட்டா, பதினாறா என்று அவர்களே வாதாடட்டும். விளையாட்டு மைதானத்தின் நடுவே ஒரு பயற்றை வைத்து, ‘இது பொன்னணுவின் கருவானால், அணுவின் எல்லை ஏறத்தாழ நாற்பது மீற்றர் தொலைவில்’ என்று நடந்து காட்டலாம். பாடநூற் படம் எவ்வளவு சுருக்கப்பட்டது என்பதை அந்நடையே அவர்களுக்கு உணர்த்தும்.

1945 ஆகஸ்ட் 6ஆந் திகதி ஹிரோஷிமாவும், 9ஆந் திகதி நாகசாக்கியும் எரிந்தன. அணு என்னும் சொல்லை உலகின் கோடிக்கணக்கான மக்கள் அன்று அச்சத்தின் சொல்லாகவே அறிந்தனர். அணுவை ஒரு மந்திரமாக மாத்திரம் அறிந்த சமுதாயம், அதனைக் கையில் வைத்திருப்போர் முன் மந்திரவாதி முன் நிற்பதுபோல் வாய்பொத்தி நிற்கும். அது தராசாலும் வாதத்தாலும், தவறாலும் திருத்தத்தாலும் மனிதர் ஈட்டிய அறிவு என்று கற்ற தலைமுறையோ, அவ்வறிவு யாருக்கு, எதற்கு என்று கேட்கும். அக்கேள்வியைக் கேட்கும் துணிவை எட்டாம் வகுப்பிலேயே விதைப்பது நம் பணி. நெசவாளர் மகனான ஓர் ஆசிரியர் தொடங்கிவைத்த பாடத்தை ஆசிரியராகிய நாமே உயிரற்ற சூத்திரமாக்கிவிடலாகாது.