ஒரு வெண்பா, இரண்டு பேர்

சிதம்பரம் நடராசர் மீது பாடிய சிற்றிலக்கியங்களைத் தேடினால் தில்லைக் கலம்பகம் தட்டுப்படும். ஆசிரியர் யார் என்று பார்த்தால் ‘இரட்டையர்’ என்றிருக்கும். முதுசூரியர், இளஞ்சூரியர், மாமன் மகன், அத்தை மகன். ஒருவரால் நடக்க முடியாது, மற்றவருக்குக் கண் தெரியாது. பார்வையில்லாதவர் தோளில் தூக்கிக்கொள்ள, மேலே இருப்பவர் வழி சொல்ல, ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள் என்பது மரபுக் கதை. காலம் 14ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, 15 என்பாரும் உண்டு.

இதை இரக்கக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனா, கவனிக்க வேண்டியது அவர்கள் வேலை செய்த முறை. நடக்க முடியாதவர் வெண்பாவின் முதல் இரண்டடியைச் சொல்வார். மற்றவர் மீதியை முடிப்பார். மதுரைக் குளத்தில் துவைத்த துணி தண்ணீரோடு போன கதை தெரியுமில்லையா? ஒருவர் கிண்டலாகத் தொடங்க, மற்றவர் கலிங்கம் (துணி), சொக்கலிங்கம் என்று சிலேடை வைத்து முடித்துவிட்டார்! தொடங்கியவருக்கு முடிவு தன் கையில் இல்லை. முடித்தவருக்குத் தொடக்கம் தன் கையில் இல்லை.

இவர்களுடைய இன்னொரு நூல் திருவாமாத்தூர்க் கலம்பகம். அந்த ஊர் விழுப்புரம் பக்கம். 1993 வரை அதுவும் சிதம்பரமும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட ஒரே மாவட்டம். கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டார்கள் என்று குற்றம் சொல்ல, வெள்ளம் வந்து ஆறே திசை மாறியதாம். ‘கண் தெரியாதவர் தப்பாச் சொல்லிட்டார்’ என்று கதை சொல்லவில்லை, பாருங்கள். பிழைகூட இருவருக்கும் பொது.

இன்று உலகின் பல ஊர்களில் மாற்றுத்திறனாளிகள் கூடிக் கலை செய்யும் கூடங்கள் இருக்கின்றன. 1974இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் தொடங்கிய கிரியேட்டிவ் குரோத் அவற்றுள் மூத்த ஒன்று. டவுன் சிண்ட்ரோம் உள்ள, காது கேளாத ஜூடித் ஸ்காட் 35 ஆண்டுகள் காப்பகங்களில் கிடந்தவர். அவரை 1987இல் அங்கே சேர்த்தது இரட்டைச் சகோதரி ஜாய்ஸ். சுமார் இரண்டு வருடம் எதிலும் மனம் ஒட்டவில்லை. நூல் கையில் கிடைத்ததும் கிடைத்த பொருளையெல்லாம் சுற்றிச் சுற்றிச் சிற்பமாக்கினார். 2005இல் மறையும்வரை அதே வேலை. கூடம் கொடுத்தது இடம், நூல், நேரம். சுற்றிய கை அவருடையது.

மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதியும் ஆதரவும் தரவேண்டும் என்று நம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. எது ஆதரவு? பிள்ளையின் கையைப் பிடித்து டீச்சரே வரைந்துவிட்டு, கீழே பிள்ளை பேரைப் போடுவதா? இரட்டையரில் தோள் கொடுத்தவர் வழியைத் தீர்மானிக்கவில்லை. வழி சொன்னவர் பாட்டை முடிக்கவில்லை. சேர்ந்து செய்த வேலை என்றால் இரண்டு பேர் பேரையும் போடலாமே. தில்லைக் கலம்பகத்தில் போட்டிருக்கிறார்கள்.