வாட் இட் இஸ் டு பர்ன்

'வாட் இட் இஸ் டு பர்ன்', அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஃபிஞ்ச் என்ற ராக் குழுவின் முதல் முழுநீள ஆல்பம். டிரைவ்-த்ரூ ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இதை 2002 மார்ச் 12 அன்று வெளியிட்டது. 13 பாடல்கள் கொண்டது. தயாரிப்பாளர் மார்க் டிராம்பினோ. வகையால் இது போஸ்ட்-ஹார்ட்கோர், அதாவது இரைச்சலுக்கும் அலறலுக்கும் பேர்போன இசை. ஆனால் இரண்டு தடவை கேட்டால் மூன்றாம் நாள் நம்மை அறியாமல் முணுமுணுக்க வைக்கும் மெட்டுகள் இதில் நிறைய. இந்த இரண்டும் ஒரே பாட்டுக்குள் எப்படிக் குடியிருக்கின்றன என்பதுதான் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசவேண்டிய விஷயம்.

வகையும் அதன் வைராக்கியமும்

1980களின் தொடக்கத்தில் வாஷிங்டன் நகரத்துப் பிள்ளைகள் வாசித்த ஹார்ட்கோர் பங்க் மிகச் சுருக்கமானது. ஒன்றரை நிமிடப் பாட்டு, நாலைந்து கிட்டார் கார்டு, மூச்சுவிட இடமில்லாத வேகம். மைனர் த்ரெட் குழுவை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். சில வருடங்களில் அதை உண்டாக்கியவர்களுக்கே அது அலுத்துப்போனது. 1985இல் ஆல்பம் வெளியிட்ட ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், அதன்பின் மைனர் த்ரெட்டின் பாடகர் இயன் மெக்கே சேர்ந்து நடத்திய ஃபுகாஸி ஆகிய குழுக்கள் வேகத்தைக் குறைத்தன. தாளத்தை முறித்துப் போட்டன. பாட்டுக்கு நடுவே அமைதிக்கும் இடம் விட்டன. ஹார்ட்கோருக்குப் பின்னால் வந்தது என்பதால் போஸ்ட்-ஹார்ட்கோர் என்று பெயர் நிலைத்துவிட்டது.

இசையோடு ஒரு வைராக்கியமும் சேர்ந்தே வந்தது. ஃபுகாஸி தன் கச்சேரிக்கு 5 டாலருக்கு மேல் வாங்குவதைத் தவிர்க்கப் பாடுபட்ட குழு. பெரிய இசை நிறுவனங்களை அண்டவே விடவில்லை. அந்த வட்டாரத்தில் எளிதில் பிடித்துப்போகிற மெட்டு என்றாலே ஒரு சந்தேகக் கண். வானொலிக்காகச் செய்ததோ, விலைபோய்விட்டார்களோ என்று பேச்சு கிளம்பும். 2000இல் அட் த டிரைவ்-இன், கிளாஸ்ஜா ஆகிய குழுக்களும் 2001இல் தர்ஸ்டே குழுவும் வெளியிட்ட ஆல்பங்கள் இந்த வகைக்குப் புதிய கூட்டத்தைச் சேர்த்தன. சந்தேகம் மட்டும் போகவில்லை.

ஊரும் குழுவும்

ஃபிஞ்ச் வாஷிங்டனிலிருந்து வந்ததல்ல. அதன் சொந்த ஊர் டெமெக்குலா, சான் டியாகோவுக்கு வடக்கே ஏறக்குறைய 95 கி.மீ. தொலைவில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் திராட்சைத் தோட்டப் பள்ளத்தாக்கு. 1989இல்தான் அது நகரமாக அறிவிக்கப்பட்டது. 1990 கணக்கெடுப்பில் 27,000 பேர் இருந்த ஊரில் 2000இல் 57,000க்கு மேல். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லக்கோட்டை முருகன் கோயிலைக் கடந்து ஒரகடம் வரை ஒருமுறை போய்வந்தவருக்கு இந்த மாதிரி வளர்ச்சியை விளக்க வேண்டியதில்லை: நேற்றுவரை ஏர் ஓடிய இடத்தில் இன்று மனைக்கல், அடுத்த வருடம் வரிசை வீடு. ஒரு வித்தியாசம் உண்டு. டெமெக்குலாவின் வீடுகளுக்குக் கார் ஷெட் உண்டு. அதில் டிரம்ஸ் செட் போட்டுக்கொள்ளலாம். ஒரகடம் பக்கம் ஒரு ரூமில் ஆறு பேராகத் தங்கி ஷிஃப்டுக்குப் போகும் டிரெயினிப் பையனுக்கு அதற்கு வழியில்லை, ஹவுஸ் ஓனர் அன்று மாலையே காலி பண்ணச் சொல்லிவிடுவார். அமெரிக்காவில் இத்தகைய குழுக்கள் பெருநகரத்தைவிடப் புறநகரில் அதிகம் முளைத்ததற்குச் சமூகவியல் விளக்கங்கள் பல சொல்லப்பட்டாலும், இந்தக் கார் ஷெட்டை நான் முதலில் வைப்பேன்.

1999இல் நம்ப் என்ற பெயரில் தொடங்கிய குழு பின்னர் ஃபிஞ்ச் ஆனது. பாடகர் நேட் பார்க்கலோ, கிட்டாரில் ரேண்டி ஸ்ட்ரோமையரும் அலெக்ஸ் லினாரஸும், பேஸ் கிட்டாரில் டெரெக் டோஹர்ட்டி, டிரம்ஸில் அலெக்ஸ் பாப்பஸ். முதல் ஆல்பம் வந்தபோது இருபதை ஒட்டிய வயதுப் பிள்ளைகள். 2001இல் 'ஃபாலிங் இன்டு பிளேஸ்' என்ற சிறு தொகுப்பு வெளியானது. அதிலிருந்த 'லெட்டர்ஸ் டு யூ', 'பர்ஃபெக்‌ஷன் த்ரூ சைலன்ஸ்' இரண்டையும் ஆல்பத்துக்காக மறுபடி பதிவு செய்தார்கள்.

அவர்களை எடுத்துக்கொண்ட டிரைவ்-த்ரூ, ரிச்சர்ட் ரைன்ஸ், ஸ்டெஃபனி ரைன்ஸ் என்ற சகோதர சகோதரி நடத்திய நிறுவனம். நியூ ஃபவுண்ட் க்ளோரி போன்ற துள்ளலான பாப்-பங்க் குழுக்கள்தான் அதன் அடையாளம். எம்.சி.ஏ. என்ற பெரிய நிறுவனத்தோடு அதற்கு விநியோக உடன்பாடும் இருந்தது. கடையில் பக்கத்துத் தட்டில் இருந்த குறுந்தகடுகள் எல்லாம் காதல் தோல்வியையும் கோடை விடுமுறையையும் பாடியவை. அவற்றை வாங்க வந்த பிள்ளைகள் இதையும் எடுத்துப் போனார்கள்.

தயாரிப்பாளர்

மார்க் டிராம்பினோவைத் தெரிந்துகொண்டால் இந்த ஆல்பம் பாதி புரிந்துவிடும். சான் டியாகோவின் டிரைவ் லைக் ஜேஹூ என்ற குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தவர் அவர். 1991இலும் 1994இலும் அந்தக் குழு வெளியிட்ட இரண்டு ஆல்பங்கள் போஸ்ட்-ஹார்ட்கோரின் மிகக் கரடுமுரடான பக்கத்தைச் சேர்ந்தவை. கேட்பவரின் பொறுமையைச் சோதிக்க அஞ்சாதவை. அதே மனிதர்தான் பிளிங்க்-182 குழுவின் 'டூட் ராஞ்ச்' (1997), ஜிம்மி ஈட் வேர்ல்டின் 'க்ளாரிட்டி' (1999), 'ப்ளீட் அமெரிக்கன்' (2001) ஆகியவற்றைத் தயாரித்தார். இரைச்சலை உள்ளிருந்தே அறிந்தவர், வானொலியில் ஒலிக்கும் பாட்டை எப்படித் துலக்குவது என்றும் அறிந்தவர். ஃபிஞ்ச் பிள்ளைகள் கொண்டுவந்ததும் இந்த இரண்டின் கலவைதான். இதைவிடப் பொருத்தமான ஆள் அப்போது கலிஃபோர்னியாவில் கிடைத்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது.

பாடல்கள்

இந்த வகைப் பாட்டில் அலறல் வெறும் கோபத்துக்கான குறி என்று நினைப்பது பழக்கம். இந்த ஆல்பத்தில் அது அப்படி வேலை செய்யவில்லை. நம் ஊர் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒப்பாரி சொல்லும் கிழவி அடியை மெட்டோடுதான் எடுப்பாள்; அடி முடிகிற இடத்தில் குரல் மெட்டைத் தாங்க மாட்டாமல் உடைந்து அழுகையாகும்; அடுத்த அடியில் மறுபடி மெட்டுக்குத் திரும்பும். மெட்டு இருப்பதால்தான் அது உடையும்போது நெஞ்சு பிசைகிறது. பார்க்கலோவின் பாட்டும் இந்த வழியில்தான் போகிறது. முதலில் நேராக, இனிமையாக, கொஞ்சம் மூக்கடைத்த குரலில் பாடுகிறார். சொல்லவந்தது பாட்டுக்குள் அடங்காத இடத்தில்தான் கத்துகிறார். தொடக்கத்திலிருந்து முடிவுவரை கத்திக்கொண்டே இருக்கும் குழுக்களைவிட இதில் கத்தல் குறைவு. அதனாலேயே அது வந்து விழும் இடம் நினைவில் நிற்கிறது.

'லெட்டர்ஸ் டு யூ' ஏறக்குறைய சுத்தமான பாப் பாட்டு. பல்லவி வந்து விழும் இடம், அதை மறுபடி எடுக்கும் இடம் எல்லாம் வானொலிக் கணக்கில் சரியாக இருக்கும். டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு ஏற்றிய கிட்டாரை எடுத்துவிட்டுக் கேட்டால்கூட மெட்டு தனியாக நிற்கும்.

'கிரே மேட்டர்', 'ப்ராஜெக்ட் மேஹெம்' இரண்டும் எதிர்ப்பக்கம். இவற்றில் கிளாஸ்ஜா பாடகர் டாரில் பலும்போ வந்து குரல் கொடுத்தார். கடினமான குழு ஒன்றின் தலைமைப் பாடகர் டிரைவ்-த்ரூ ஆல்பத்தில் வந்து அலறியது, மேலே சொன்ன சந்தேகக்காரர்களுக்கு ஒரு பதில் மாதிரி இருந்தது. 'ப்ராஜெக்ட் மேஹெம்' என்ற தலைப்பு 'ஃபைட் கிளப்' படத்தில் வரும் சதித்திட்டத்தின் பெயர். அந்தக் காலத்து இளைஞர் அறைகளில் அந்தப் படத்தின் போஸ்டர் ஒட்டாத சுவர் அபூர்வம்.

பன்னிரண்டாவதாக வரும் 'எண்டர்' நீண்டு நெளிந்து போகும் பாட்டு. நடுவில் சில பாட்டுகள் ஒன்றுபோல் ஒலிப்பதும் உண்மை, வேகம் சற்று தளர்கிறது. தலைப்புப் பாடலைக் கடைசிக்குத் தள்ளி வைத்தது நல்ல யோசனை. மெல்லிய கிட்டாரில் தொடங்கி, ஒவ்வொரு பல்லவிக்கும் சுமை ஏறி, முடிவில் பாட்டும் அலறலும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன. அதுவரை மாறி மாறி வந்த இரண்டு குரலும் அங்கேதான் சேர்ந்து ஒலிக்கின்றன.

வரவேற்பும் பின்னாளும்

ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதல் நூறுக்குள் நுழைந்தது. சின்ன ஊர்க் குழுவின் முதல் முயற்சிக்கு இது பெரிய இடம். அதே 2002இல் த்ரைஸ், த யூஸ்ட் ஆகிய குழுக்களின் ஆல்பங்களும் வந்து சேர, பத்திரிகைகள் எல்லாவற்றையும், அலறலைக் குறிக்கும் 'ஸ்க்ரீமோ' என்ற ஒரே மூட்டையில் கட்டின. மூட்டைக்குள் இருந்தவர்கள் யாரும் அந்தப் பெயரை விரும்பியதாகத் தெரியவில்லை.

ஃபிஞ்ச் அந்த மூட்டையை விட்டு ஓடப் பார்த்தது. 2004இல் பாப்பஸ் விலகினார். 2005 ஜூனில் வந்த இரண்டாவது ஆல்பம் 'சே ஹலோ டு சன்ஷைன்' வேண்டுமென்றே கோணலானது. இனிய பல்லவிக்காகக் காத்திருந்த ரசிகர்கள் பலர் கைவிட்டார்கள். குறையை ரசிகர் மேல் போடுவதா, குழுவின் மேல் போடுவதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. மெட்டை ஒதுக்கியதும் அலறலுக்கும் பழைய வலு போய்விட்டது என்பதே என் கணிப்பு. 2006இல் குழு ஓய்வு அறிவித்தது, பிறகு கூடியது, மறுபடி கலைந்தது. திரும்பச் சேர்ந்தபின் 2014இல் 'பேக் டு ஒப்லிவியன்' என்ற மூன்றாவது ஆல்பம் வந்தது. 2016இல் மீண்டும் பிரிந்தார்கள்.

இந்தியாவில் இந்தப் பாணிக்கு நெருங்கிய உதாரணம் மும்பையின் காடஸ் காக்ட். பாடகர் சித்தார்த் பஸ்ரூரை முன்னிறுத்திய அந்த இளைஞர் குழுவின் முதல் ஆல்பம் 'ரீசர்ஃபேஸ்' 2011இல் வெளியானது. பஸ்ரூரும் மெட்டை விடாமல் பிடித்துக்கொண்டு பாடுபவர். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் தேவேஷ் தயாலும் பேஸ் கலைஞர் கிருஷ்ணா ஜவேரியும் பின்னர் ஸ்கைஹார்பர் குழுவில் சேர்ந்து வெளிநாட்டு மேடைகள் வரை போனார்கள். சென்னையில் ஐ.ஐ.டி.யின் சாரங் விழா மேடை 2009இல் ஸ்வீடனின் ஓபெத் குழுவையே அழைத்து வந்தது. கனமான இசைக்குக் கூட்டம் இல்லாமல் இல்லை. ஆனால் ஃபிஞ்ச் மாதிரி பாட்டையும் அலறலையும் தமிழ்ச் சொற்களில் வைத்துப் பார்க்கும் வேலை இங்கே இன்னும் பெரும்பாலும் பாக்கி.

2013இல், ஆல்பத்தின் பத்தாண்டை ஒட்டி, ஃபிஞ்ச் மறுபடி கூடி இந்த 13 பாடல்களையும் முழுதாக மேடையில் வாசித்தது. அந்தப் பதிவு அடுத்த ஆண்டு 'வாட் இட் இஸ் டு பர்ன் எக்ஸ்' என்ற பெயரில் வெளியாயிற்று.