காட்டுக்கோழி இறகுச் செயற்கை ஈ

சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகைச் சிறகாக வைத்து, தூண்டில் முள்ளில் பூச்சி வடிவில் கட்டப்படும் இரை காட்டுக்கோழி இறகுச் செயற்கை ஈ எனப்படும். இப்பறவை தீபகற்ப இந்தியாவுக்கே உரியது. திருக்கோவிலூருக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலைக்காடுகளிலும் வாழ்கிறது. தென்பெண்ணையாற்றில் மண்புழு கோத்துத் தூண்டில் போடும் மக்களுக்குச் செயற்கை ஈ பழக்கமில்லாத பொருள். ஆனால் அவர்கள் ஊர்ப்பக்கத்துப் பறவையின் இறகு 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் சால்மன் மீன் ஆறுகளுக்கும், 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ட்ரவுட் மீன் ஓடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

பறவையும் இறகும்

பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா 1782இல் வெளியிட்ட தம் இந்தியப் பயண நூலில் இக்கோழியை விவரித்தார். டச்சு அறிஞர் டெம்மிங்க் 1813இல் அவர் நினைவாக இதற்கு ‘கேலஸ் சொன்னராட்டி’ என்று அறிவியல் பெயர் சூட்டினார்.

சேவலின் கழுத்து இறகு கருநிறமானது, நடுத்தண்டு வெண்மையானது. அத்தண்டு நுனியை நெருங்கும்போது தட்டையாக விரிந்து, மெழுகு பூசினாற்போல் மின்னும் இளமஞ்சள் தகடாகிறது. ஈ கட்டுவோர் இத்தகட்டை ‘நகம்’ என்பர். சாதாரண இறகில் இழைகள் பிரிந்துவிடும். நகமோ ஒரே தகடாக இருப்பதால் நனைந்தாலும் எளிதில் உருக்குலைவதில்லை. பெட்டைக்கு இது கிடையாது. சேவலும் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இவ்விறகுகளை உதிர்த்துவிட்டுச் சில மாதங்கள் மங்கிய கழுத்தோடு திரியும்.

சால்மன் ஈக்கள்

விக்டோரியா அரசி காலத்து பிரிட்டனில் சால்மன் மீனுக்கான ஈக்கள் பல நாட்டுப் பறவைகளின் இறகுகளால் அலங்காரமாகக் கட்டப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாகிப் பெரும்புகழ் பெற்ற ‘ஜாக் ஸ்காட்’ ஈயின் இரு பக்கங்களிலும் காட்டுக்கோழி நகம் இடம்பெற்றது. ஜார்ஜ் கெல்சன் 1895இல் எழுதிய ‘தி சால்மன் ஃப்ளை’ நூலின் செய்முறைகளிலும் இவ்விறகு திரும்பத் திரும்ப வருகிறது.

மிதக்கும் ஈயும் இறகுச் சிறகும்

நீருக்குள் மூழ்கும் ஈக்களிலிருந்து வேறுபட்டது, ட்ரை ஃப்ளை எனப்படும் மிதக்கும் ஈ. தென் இங்கிலாந்தின் டெஸ்ட், இட்சன் ஆறுகளில் வளர்ந்த இம்முறையை ஃபிரடெரிக் ஹால்ஃபோர்ட் 1886இல் நூலாக்கினார். இதில் சிறகு கட்டுவதுதான் கைத்திறனுக்குச் சோதனை. வாத்து போன்ற பறவையின் இடச்சிறகிலிருந்து ஒரு கீற்றும் வலச்சிறகிலிருந்து ஒரு கீற்றும் ஒரே அகலத்தில் வெட்டி ஒன்றோடொன்று பொருத்துவார்கள். அவற்றை முள்ளின் மேல் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பட்டு நூலை முதலில் தளர்வாகச் சுற்றி, பிறகு நேர்கீழாக இழுத்து இறுக்குவார்கள். பிடி தளர்ந்தால் கீற்று முறுக்கிக்கொள்ளும். நிமிர்ந்து நிற்கும் இச்சிறகுகள் பார்க்க அழகானவை. ஆனால் ஓரிரு மீன் கடித்தாலே கிழியும். இரண்டும் ஒத்த அளவில் இல்லாவிட்டால், வீசும்போது ஈ சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடும்.

ஜாசிட்

இக்குறைகளுக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு விடை கிடைத்தது. லெட்டார்ட் ஓடையில் மீன் பிடித்துவந்த வின்சென்ட் மரினாரோ, ட்ரவுட் மீன்கள் மேற்பரப்பில் மிதந்துவரும் மிகச் சிறிய தத்துப்பூச்சிகளையும் எறும்புகளையும் தின்பதைக் கவனித்தார். மீன் கீழிருந்து மேல்நோக்கிப் பார்ப்பதால், பூச்சியின் கனத்தைவிட ஒளி புகாத அதன் உருவ விளிம்பே முக்கியம் என்ற முடிவுக்கு வந்தார். சிறிய முள்ளில் சேவல் இறகைச் சுற்றி, மேலும் கீழும் கத்தரித்து, அதன்மேல் ஒற்றைக் காட்டுக்கோழி நகத்தைப் படுக்கைவாட்டில் கட்டினார். கனமில்லாமலே நிழலுருவம் தந்தது அந்த நகம். தமிழக நெல், பருத்தி விவசாயிகள் நன்கறிந்த தத்துப்பூச்சி இனத்தைப் போலச் செய்த இந்த ஈக்கு ‘ஜாசிட்’ என்று பெயர். 1950இல் வெளியான மரினாரோவின் ‘எ மாடர்ன் ட்ரை ஃப்ளை கோட்’ நூல் இவ்வகைச் சிற்றீக்களின் பக்கம் கவனத்தைத் திருப்பியது.

தமிழகத்தில்

சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை எழுதி, இந்திய ஆற்று மீன்களையும் செயற்கை ஈயால் பிடிக்கலாம் என்று காட்டினார். நீலகிரியில் ட்ரவுட் மீனைக் குடியேற்ற மருத்துவர் ஃபிரான்சிஸ் டே 1860களில் முயன்றார், மீன் நிலைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சனின் முயற்சியால் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து, வானவில் ட்ரவுட் மலையோடைகளில் நிலைபெற்றது. தமிழகத்தில் ஈ வீசி ட்ரவுட் பிடிக்கும் பழக்கத்துக்கு நீலகிரியே தாயகம்.

வணிகமும் சட்டமும்

இறகுக்காகக் கோழிகள் கண்ணிவைத்துப் பிடிக்கப்பட்டன. கழுத்துத் தோல் முழுதாக உரித்து விற்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்திய அரசு 1902இல் பறவைத் தோல், இறகு ஏற்றுமதியைத் தடைசெய்தது. பிரிட்டன் 1921இல் இறகு இறக்குமதித் தடைச் சட்டம் இயற்றியது. ஆயினும் தேவை ஓயவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சுங்கச் சட்டம், ஈ கட்டுவதற்கென ஆண்டுக்கு 5,000 சாம்பல் காட்டுக்கோழித் தோல்கள் வரை அனுமதித்தது. ஒரு நகம் ஓர் அங்குலம்கூட இல்லை. அதற்காக ஓர் உயிரே போயிற்று. 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இப்பறவையை வேட்டையாடுவது குற்றம். பன்னாட்டு வணிகத்தை சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியல் கட்டுப்படுத்துகிறது.

வெளிநாடுகளில் இன்று பண்ணையில் வளர்க்கும் சேவல்களிடமிருந்து இவ்விறகு கிடைக்கிறது. சாயமிட்ட இறகும் பிளாஸ்டிக் நகமும்கூட அதன் இடத்தை நிரப்புகின்றன. எனவே ஈ கட்டுவதற்காகக் காட்டில் ஒரு சேவலைக்கூடப் பிடிக்கத் தேவையில்லை. கல்வராயன் மலையில் காட்டுக்கோழிக்குக் கண்ணி வைத்திருப்பதைக் காண்போர் வனத்துறைக்குத் தெரிவிப்பது கடமை.