மணவோலையும் அழைப்பிதழும்

திருமண அழைப்பிதழைப் பற்றியும் ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதவேண்டுமா என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். கல்யாணம் முடிந்த மறுநாளே குப்பைக்குப் போகும் தாள்தானே அது என்பர். அரசர்க்குக் கல்வெட்டு உண்டு. கோயிலுக்குத் தலபுராணம் உண்டு. தோட்டத் துரைக்கு ஆண்டறிக்கை உண்டு. ரப்பர் மரம் சீவியவனுக்கும் அவன் மனைவிக்கும் என்ன உண்டு? அவர்கள் இருவர் பெயரும் ஒருங்கே அச்சேறிய ஒரே தாள், பல குடும்பங்களில், கல்யாணப் பத்திரிகை ஒன்றே. அதனால்தான் அதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

ஓலைக்கும் தாளுக்கும் முன்னே வாயால் சொல்லும் அழைப்பு இருந்தது. கோவலன் கண்ணகி திருமணத்தைப் புகார் நகரத்தார்க்கு அறிவித்த முறையைச் சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில் இளங்கோவடிகள் கூறுகிறார். அணிகலன் பூண்ட மகளிரை யானையின் பிடரியில் ஏற்றி, ஊரெங்கும் மணச்செய்தி சொல்லச் செய்தனராம். பெருவணிகர் வீட்டுத் திருமணம் ஆகையால் ஊர் முழுதும் அழைக்கப்பட்டது. கம்பர் காவியத்தில் மிதிலையிலிருந்து சனகனின் தூதர் தயரதனிடம் ஓலை கொண்டு வருகின்றனர். சேக்கிழார் பாடிய சுந்தரர் வரலாற்றிலோ ஓலை இரண்டு வருகின்றன. மணத்தை உறுதி செய்யும் ஓலையை ஏந்தி ஆடவரும் பெண்டிரும் மணமகள் ஊராகிய புத்தூருக்கு மகிழ்ச்சியோடு போகின்றனர். திருமண நாளன்று முதியவர் ஒருவர் வேறோர் ஓலையோடு வந்து, மணமகன் எனக்கு அடிமை என்று வழக்கிட்டு மணத்தையே நிறுத்தி விடுகிறார். ஓலையில் எழுதியதற்கு அக்காலத்தில் இருந்த வலிமையை இந்நிகழ்ச்சி நன்கு விளக்கும். நகரத்தார் திருமணங்களில் இசைகுடிமானம் என்ற மண ஒப்பந்தத்தை ஓலையில் எழுதும் வழக்கமும் இவ்வழி வந்ததே எனலாம்.

எழுத்தறியாத குடும்பங்களில் ஓலையின் இடத்தை வெற்றிலை பாக்கு பெற்றிருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்து வீடு வீடாகச் சென்று அழைப்பதே அழைப்பு. வெற்றிலையை எடுத்துக் கொண்டவர் வர ஒப்பினார் என்பது பொருள். நம் அண்டை வீட்டு மலாய் மக்களுக்கும் இது புதிதன்று. பெண் கேட்டுப் போவதை அவர்கள் ‘மெமினாங்’ என்பர். பினாங் என்றால் பாக்கு. பினாங்குத் தீவுக்கும் அந்தப் பாக்கு மரமே பெயர் தந்தது. கடல் கடந்து வந்த நம் மூதாதையர், மண ஓலைக்கு நிகரான இப்பொருளைத் தாம் வந்திறங்கிய துறைமுகத்தின் பெயரிலேயே கண்டனர்.

அச்சுக் கலை தமிழுக்கு முன்னரே வந்துவிட்டது என்பது உண்மைதான். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சாயிற்று; 1713இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் கண்டார். ஆயினும் 1835இல் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்ட பின்னரே இந்தியர் தாமே தடையின்றி அச்சகம் நடத்த வழி பிறந்தது. சிங்கப்பூரில் 1887இல் ‘சிங்கை நேசன்’ வெளிவந்தபோது, தமிழ் எழுத்து கோக்கத் தெரிந்தோர் இக்கரையிலும் இருந்தனர். நாளிதழோ வார இதழோ நடத்திய அச்சகம் சில்லறை வேலைகளையும் ஏற்றே பிழைக்க வேண்டியிருந்தது. துண்டு விளம்பரம், கணக்குப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை ஆகியவை அந்தச் சில்லறை வேலைகள்.

தோட்டத்திற்குள் பத்திரிகை நுழையக் காலம் பிடித்தது. கங்காணி முறையில் ஆள் கொண்டுவந்த காலத்தில் லயம் முழுதும் உறவினரும் ஊராருமாகவே இருந்தனர். அவர்களை அழைக்க அச்சு எதற்கு? 1938இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தது. அதன்பின் இங்கேயே பிறந்து வளர்ந்தோர் பெருகினர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் தோட்டம் விட்டுத் தோட்டம், மாநிலம் விட்டு மாநிலம் என விரிந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி தோட்டங்களில் பள்ளிகள் ஏற்பட்டிருந்தமையால் படிக்கத் தெரிந்த பிள்ளைகளும் வீட்டுக்கு ஒருவர் இருந்தனர். அப்போது பத்திரிகை தேவையாயிற்று. வாசகத்தை எழுதித் தர ஆள் வேண்டுமே! கிராணியாரிடமோ பள்ளிக்கூட வாத்தியாரிடமோதான் போவார்கள்.

பழைய பத்திரிகையின் வாசகத்தை அக்கால வாத்தியார் ஒரே மூச்சில் சொல்லுவார். ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி, வருஷம், மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், லக்னம் எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டே போய், ‘கூடிய சுபதினத்தில்’ என்று மூச்சு விடுவார். பிறகு ‘என் குமாரன் சிரஞ்சீவி’ வருவார். அவருக்கு ‘சௌபாக்கியவதி’யை மணம் செய்விப்பதாகப் ‘பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு’ இருக்கும். இறுதியில் ‘தங்கள் இஷ்டமித்திர பந்துக்களுடன்’ வந்து ஆசீர்வதிக்க வேண்டுகோள். முழுப் பத்திரிகையும் இலக்கணப்படி ஒரே வாக்கியம்! மாணவன் இப்படி எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன்.

இவ்வாக்கியத்துக்குள் யார் இருக்கிறார், யார் இல்லை என்று பார்ப்பதே வரலாற்று மாணவனின் வேலை. அழைப்பவர் தந்தை. பல பத்திரிகைகளில் தாயின் பெயர் கிடையாது. மணமகள் இன்னாரின் குமாரத்தி என்றே அறியப்படுவாள். ஆடவர் பெயர்களின் பின்னே சாதிப்பட்டம் தொங்கும். கடல் தாண்டும்போது எதையெதையோ விட்டுவந்த மக்கள், இந்தப் பட்டத்தைப் பத்திரமாக மூட்டையில் கட்டி வந்திருந்தனர். ஒரே லயத்தில், ஒரே தண்ணீர்க் குழாயில் குடம் பிடித்தவர்களை அப்பத்திரிகை மீண்டும் பிரித்து வைத்தது.

மாற்றம் வந்தது சீர்திருத்த இயக்கத்தால். பெரியார் ஈ.வெ.ரா. 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து, அடுத்த ஆண்டுத் தொடக்கம் வரை பல ஊர்களில் பேசினார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். புரோகிதர் இன்றி, தலைவர் ஒருவர் முன்னிலையில் உறுதிமொழி கூறி மணப்பது சுயமரியாதைத் திருமணம். அதற்குரிய அழைப்பிதழில் திதிக்கும் லக்னத்துக்கும் இடமில்லை. அவ்விடத்தில் தலைமை தாங்குபவர் பெயரும் வாழ்த்துரை வழங்குவோர் பெயர்களும் அமர்ந்தன. நம்மவர் சிலர் அழைப்பிதழைப் பொதுக்கூட்ட அறிக்கை போலவே ஆக்கிவிட்டனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேச்சாளர் பட்டியலைத் தாண்டி மணமக்கள் பெயரைத் தேடவேண்டிய அழைப்பிதழ்களையும் நான் கண்டதுண்டு.

தனித்தமிழ் உணர்வும் இதனோடு சேர்ந்தது. பத்திரிகை அழைப்பிதழ் ஆயிற்று; விவாகம் திருமணம் ஆயிற்று; சிரஞ்சீவி திருநிறைசெல்வன் ஆனார்; சௌபாக்கியவதி திருநிறைசெல்வி ஆனார். இருவீட்டார் அழைப்பு என்ற தலைப்பு பரவியபோது, பெற்றோர் இருவர் பெயரும் இடம்பெறலாயின. பழைய பட்டங்கள் மெல்ல உதிர்ந்தன. எல்லா வீட்டிலும் உதிர்ந்தன என்று கூற மாட்டேன். மனத்தில் உள்ளதை அச்சில் மறைப்பதும் உண்டு. எனினும், எழுதக் கூசும் நிலை வந்ததே ஒரு முன்னேற்றம் என்பது என் கருத்து. தமிழ் முஸ்லிம்களின் நிக்காஹ் அழைப்பும் கிறித்தவர்களின் மெய்விவாக அழைப்பும் தனி ஆய்வுக்குரியன. அவற்றை எழுதத் தக்கார் எழுதவேண்டும்.

இனி, அச்சகத்திற்குச் செல்வோம். பட்டணத்து அச்சகத்தில் மாதிரிப் புத்தகம் ஒன்று இருக்கும். பிள்ளையார் போட்டது, இலட்சுமி போட்டது, மாலை மாற்றுவது போன்ற படம் போட்டது எனப் பலவகை அட்டைகள் ஒட்டியிருக்கும். படம் மட்டும் அச்சான அட்டைகள் சிவகாசியிலிருந்து கட்டுக் கட்டாக வரும். உள்ளே வாசகத்தை இங்கே அச்சிடுவர். பெண் வீட்டார் ஒன்றைச் சுட்டுவர்; மாப்பிள்ளையின் தாய்மாமன் வேறொன்றைச் சுட்டுவார். விலை கேட்டதும் இருவரும் மூன்றாவதற்கு இறங்கி வருவர். பின்னர் எண்ணிக்கை. லயம் லயமாக, டிவிஷன் டிவிஷனாக விரல் விட்டு எண்ணுவார்கள். குறைந்துபோனால் மறுபடி எழுத்துக் கோக்கக் கூலி கேட்பார்களே என்று ஐம்பது கூட்டிச் சொல்வார்கள். முன்பணம் கொடுத்து வந்தால், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, மெய்ப்புத் தாள் எடுத்து வைத்திருப்பர். அதைத் திருத்த மீண்டும் வாத்தியார்!

பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிதில் நானும் அப்படி ஒரு மெய்ப்பைத் திருத்தினேன். ஒற்றுப்பிழை ஒன்றுவிடாமல் களைந்தேன். சந்தி பார்த்த கண்ணுக்குத் தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்பது தெரியாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைத் திருமணத்துக்குச் சனிக்கிழமைத் தேதி. தேதியை நம்பிய இரு குடும்பத்தார் சனிக்கிழமை காலையிலேயே பட்டுடுத்தி வந்து இறங்கிவிட்டனர். அவர்களை அன்றிரவு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தேன். பெண்ணின் தந்தையார் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

அச்சான பத்திரிகைக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவர். இதை வெறும் சடங்கென்று தள்ளிவிடக் கூடாது. படிக்கத் தெரியாத பாட்டியின் கையில் தாள் கொடுக்கப்பட்டால், அது சாவுச் செய்தியா, சுபச் செய்தியா என்பதை அந்த மஞ்சளே சொல்லிவிடும். எழுத்தைவிட மஞ்சளுக்கே வாசகர் அதிகம்.

முகூர்த்த நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம் நாட்டின் கடிகாரம் பலமுறை மாற்றப்பட்டது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் டோக்கியோ நேரத்தைச் சுமத்தினர். அன்று ஒன்பது மணி என்றால், பழைய கணக்கில் ஏழரை. போருக்குப் பின் ஏழரை மணி முன்னேற்றம் திரும்பியது. அதாவது இந்திய நேரத்தைவிட இரண்டு மணி கூடுதல். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் மேலும் அரைமணி முன்னே தள்ளினர். தமிழகத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நேரத்தைக் கூட்டி எழுதியவர்கள் அதுவரை இரண்டு மணி கூட்டினார்கள், பிறகு இரண்டரை. லக்னம் அந்தந்த ஊரின் கிழக்கு வானத்தைப் பொறுத்தது என்பதால் கூட்டல் கணக்கு மட்டும் போதாது என்று சோதிடம் அறிந்தோர் சொல்வர். ஆகவே 1981ஆம் ஆண்டுப் பத்திரிகையில் எட்டு மணி என்பதும் 1982ஆம் ஆண்டுப் பத்திரிகையில் எட்டரை என்பதும் வானத்தில் ஏறத்தாழ ஒரே வேளைதான்.

அதே 1982இல் வேறொரு பெரிய மாற்றமும் நிகழ்ந்தது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதுமுதல் முஸ்லிமல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. அதற்கு முன்னர் வழக்கப்படி முறையாக நடந்தவற்றைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் நடந்தது என்று, என்றைக்கு நடந்தது என்று சொல்லத் தாள் வேண்டுமே! தாலியில் தேதி இல்லை. மொய் நோட்டு கறையான் வாய்ப்பட்டிருக்கும். எஞ்சியிருப்பது பத்திரிகை ஒன்றே என்ற குடும்பங்கள் பல.

வரலாற்றுப் பாடத்திற்காக, வீட்டில் உள்ள பழைய தாள் ஏதேனும் ஒன்றைக் கொண்டுவருமாறு ஐந்தாம் ஆண்டு மாணவரிடம் கூறினேன். சிறுமி ஒருத்தி பாட்டியின் கல்யாணப் பத்திரிகையைக் கொணர்ந்தாள். மடிப்பில் கிழிந்து, சோற்றுப்பசையால் ஒட்டப்பட்டிருந்தது. ஆங்கிலத் தேதி இல்லை. ‘சார்வரி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தது. தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுழன்று வருவன. 1960இல் தொடங்கியதும் சார்வரி, 2020இல் தொடங்கியதும் சார்வரி. பாட்டிக்குப் பொருந்துவது முன்னதே என்று வகுப்பு உடனே கூறிவிட்டது. பலகையில் 1960 என எழுதினார்கள். அப்படியானால் மூத்த மகன் பிறந்தது கணக்கில் ஒத்து வந்தாலும், திருமண ஆண்டு நிறைவை வீட்டில் ஓராண்டு தள்ளிக் கொண்டாடுகிறார்களே என்றாள் சிறுமி. வீட்டார் கணக்கே சரி. சித்திரையில் பிறக்கும் ஆண்டின் தை, அடுத்த ஆங்கில ஆண்டின் ஜனவரியில் வருவது. ஆகவே அத்திருமணம் நடந்தது 1961இல். திருவள்ளுவர் ஆண்டு போட்ட அழைப்பிதழாயின் முப்பத்தொன்றைக் கழிக்கவேண்டும் என்பதையும் அன்றே கற்பித்தேன். அதை மறந்தால் 1969இல் மணந்தவரை 2000இல் மணந்தவராக்கி விடுவோம்.

அப்பத்திரிகையின் அடியில் தோட்டத்தின் பெயரும் டிவிஷன் எண்ணும் இருந்தன. அத்தோட்டம் இன்றில்லை, வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. தெருக்களுக்கு வேறு பெயர்கள். அங்கே ஒரு கோயிலும் பள்ளியும் லயங்களும் இருந்தன என்பதற்கு அவ்வீட்டில் அந்தத் தாளைத் தவிர வேறு சான்று இல்லை. தைப் பிறப்பின்போது கைப்பேசியில் படமாக வரும் அழைப்புகளைப் பார்க்கிறேன், அழகாகத்தான் இருக்கின்றன. கைப்பேசி மாறும்போது அவை எங்கே போகும் என்பது தெரியவில்லை. ஒன்றையேனும் தாளில் எடுத்து வைக்குமாறு என் மாணவரின் பெற்றோரைக் கேட்டுக் கொண்டு வருகிறேன்.

பெட்டியில் பழைய பத்திரிகை வைத்திருப்போர், அதன் பின்புறத்தில் பென்சிலால் ஆங்கில ஆண்டையும், மணமக்களின் பெற்றோர் நால்வர் பெயரையும், தோட்டம் இருந்த இடத்தையும், வீட்டு முதியவர் உள்ளபோதே கேட்டு எழுதி வைக்கலாம். பேனா வேண்டா, மை ஊறி முன்பக்கத்து எழுத்தைக் கெடுக்கும். மேற்சொன்ன சிறுமியின் பாட்டி, தம் தாயார் பெயர் அப்பத்திரிகையில் இல்லை என்பதை நாங்கள் படித்துக் காட்டிய பிறகே அறிந்தார். சற்றுநேரம் தாளைப் பார்த்திருந்துவிட்டு, ‘எழுதிடு தாயி’ என்று பேத்தியிடம் பெயரைச் சொன்னார். சிறுமி பின்புறத்தில் எழுதினாள்.