சங்கிலியும் சட்டமும்: மனநலம் குன்றியோர் பாதுகாப்பின் வரலாறு – ஏர்வாடியை முன்வைத்து

முன்னுரை

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் விடியற்காலையில், தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஏர்வாடியில், தனியார் நடத்திவந்த மனநோயாளர் இல்லம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர்.

இந்நிகழ்ச்சி பற்றிப் பேசுவோர் பலர், மூடநம்பிக்கையால் விளைந்த கேடு என்றோ, உரிய சட்டம் இல்லாமையால் நேர்ந்த அவலம் என்றோ கூறி அமைவர். இவ்விரு விளக்கங்களும் முழுமையானவை அல்ல என்பதே எம் கருத்து. தீப்பற்றிய அன்று மனநோயாளரைக் கொடுமைக்கு உட்படுத்தலாகாது என்னும் சட்டம் இந்தியாவில் நடப்பில் இருந்தது. உரிமம் பெறாமல் இத்தகைய இல்லங்களை நடத்தலாகாது என்னும் விதியும் இருந்தது. சட்டம் இருந்தும் அது ஏன் அம்மக்களைக் காக்கவில்லை என்னும் வினாவுக்கு விடைகாண, சட்டத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். இக்கட்டுரையில் 1858-ஆம் ஆண்டு முதல் இன்று வரையிலான இந்தியச் சட்டங்களின் போக்கை ஏர்வாடியை நடுவாக வைத்து ஆராய்ந்து, அதனோடு மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்களையும் சுருக்கமாக ஒப்புநோக்குவோம்.

உடைமையைக் காத்த சட்டங்கள்

சென்னையில் மனநோயாளருக்கென முதல் காப்பகம் 1794-ஆம் ஆண்டில் தோன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவரான வேலன்டைன் கொனோலி அதனைத் தொடங்கினார். அது அரசின் நிறுவனமன்று. அவருடைய சொந்த முயற்சி. கம்பெனி அதற்குப் பணம் கொடுத்தது. அவர் அதன்வழி வருவாய் ஈட்டினார். தன்னைப் பற்றித் தானே பேச இயலாதவரைக் காப்பது தொடக்கத்திலேயே ஒரு தொழிலாகவும் அமைந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். கீழ்ப்பாக்கத்தில் அரசு காப்பகம் 1871-ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கியது.

ஆட்சி கம்பெனியிடமிருந்து பிரித்தானிய முடியரசுக்கு மாறிய 1858-ஆம் ஆண்டில், மனநோயாளர் தொடர்பாக மூன்று சட்டங்கள் அடுத்தடுத்து இயற்றப்பட்டன. அவற்றுள் 34, 35-ஆம் எண் சட்டங்கள் ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவரா என விசாரித்து, அவருடைய சொத்தை யார் மேற்பார்ப்பது எனத் தீர்மானிப்பதற்கானவை. 36-ஆம் எண் சட்டம் காப்பகங்களைப் பற்றியது. மூன்றில் இரண்டு சொத்துடையோரை நோக்கியவை என்பது கருதத்தக்கது. சொத்தில்லாதவரைப் பொறுத்தவரை, தெருவில் அலைந்து திரிபவரைப் பிடித்து அடைத்தலே சட்டத்தின் முதன்மைப் பணியாக இருந்தது. இம்முறையைத் தொகுத்தமைத்த 1912-ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும் இந்நோக்கினின்று பெரிதும் விலகவில்லை. ஊரைப் பித்தரிடமிருந்து காப்பது அதன் உள்ளக் கிடக்கை. பித்தரை ஊரிடமிருந்து காப்பது அன்று.

1946-ஆம் ஆண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, அன்றைய மனநோய் மருத்துவமனைகள் நோய் தீர்க்கும் இடங்களாக இல்லாமல் அடைத்துவைக்கும் இடங்களாகவே உள்ளன என எடுத்துக்காட்டியது. ஏறத்தாழ 40,000 மக்களுக்கு ஒரு படுக்கை என்னும் நிலையே அப்போது நிலவியது. ஆயினும் 1912-ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலைக்குப் பின்னரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1987-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் எல்லையும்

1987-ஆம் ஆண்டில் மனநலச் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான். எழுதப்பட்டதற்கும் நடப்பிற்கு வந்ததற்கும் இடையே ஆறாண்டுகள் கடந்தன. இச்சட்டத்தின் இரு கூறுகள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை. முதலாவது, மனநோயாளரை வைத்துப் பேணும் மருத்துவமனைகளும் இல்லங்களும் உரிமம் பெற வேண்டும் என்பது. இரண்டாவது, சிகிச்சையின்போது எந்த மனநோயாளரையும் இழிவுக்கோ கொடுமைக்கோ உட்படுத்தலாகாது என 81-ஆம் பிரிவு கூறியது.

இச்சட்டம் ‘மனநோயாளர்’ என்பதற்குத் தந்த வரையறை அறிவுவளர்ச்சி குன்றியோரை விலக்கியது. நோயும் குறைபாடும் வெவ்வேறானவை. முன்னது வந்து நீங்கக்கூடியது, பின்னது பெரும்பாலும் பிறப்பிலிருந்தே உடன்வருவது. ஆகையால் இப்பாகுபாடு அறிவியல் நோக்கில் சரியானதே. ஆனால் வறிய குடும்பங்களும் காப்பகம் நடத்துவோரும் இப்பாகுபாட்டை அறிந்திருக்கவில்லை. இருவகையினரும் ஒரே கொட்டகையில் அடைபடும் வாய்ப்பு இருந்தபோது, சட்டம் ஒருவகையினரையே கண்டது.

1993-ஆம் ஆண்டிலேயே மற்றொரு திருப்பம் நேர்ந்தது. குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளர் மேற்கு வங்கச் சிறைகளில் அடைக்கப்பட்டிருந்ததை எதிர்த்து ஷீலா பார்சே தொடுத்த வழக்கில், அவ்வாறு அடைப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1999-ஆம் ஆண்டில் தேசிய மனித உரிமை ஆணையம் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் 37 மனநல மருத்துவமனைகளின் நிலையை ஆராய்ந்து அவற்றின் குறைகளைப் பட்டியலிட்டது. எனவே ஏர்வாடிக்கு முன்னரே எச்சரிக்கைகள் இருந்தன. அவை அரசு மருத்துவமனைகளையும் சிறைகளையும் பற்றியவை. தனியார் இல்லங்கள் அவற்றின் எல்லைக்குள் வரவில்லை.

ஏர்வாடி

ஏர்வாடியில் இப்ராகிம் ஷகீத் அவர்களின் தர்கா உள்ளது. மனநோய் தீரும் என்னும் நம்பிக்கையோடு முஸ்லிம்கள் மட்டுமன்றி இந்துக்களும் கிறித்தவர்களும் நெடுங்காலமாக அங்குச் செல்கின்றனர். கனவில் கட்டளை கிடைக்கும் வரை தர்காவில் தங்கியிருப்பது வழக்கம். புனித நீரும் விளக்கெண்ணெயும் மருந்தாக அமைந்தன. தொடக்கத்தில் உறவினர் உடன் தங்கினர். பின்னர், உடன் தங்க இயலாத குடும்பங்களின் தேவையை நிறைவு செய்யத் தர்காவைச் சுற்றித் தனியார் இல்லங்கள் எழுந்தன. குடும்பத்தார் மாதந்தோறும் பணம் அனுப்பினர்; இல்லம் நடத்துவோர் நோயாளரை வைத்துக்கொண்டனர். மருத்துவர் இல்லை. உரிமம் இல்லை. ஓடிப்போகாமல் தடுப்பதற்கு ஆள் வைப்பதைவிடச் சங்கிலி மலிவானது.

இங்குதான் சுரண்டலின் இயல்பை நாம் தெளிவாகக் காண்கிறோம். ஒருவரைப் பேணுவதற்காகப் பணம் பெறுபவர், பேணும் செலவைக் குறைக்குந்தோறும் இலாபம் அடைகிறார். பொதுவாக எந்த வணிகத்திலும் வாடிக்கையாளர் குறை கூறுவார். குறை தீராவிடில் விலகிச் செல்வார். இவ்வில்லங்களில் பணம் தந்தவர் தொலைவில் இருந்தார்; துன்புற்றவரின் சொல்லை எவரும் சொல்லாக மதிக்கவில்லை. ‘அடிக்கிறார்கள்’ என்று அவர் கூறினால் அதுவும் பைத்தியத்தின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. குடும்பத்தாரைக் கொடியவர் எனத் தள்ளிவிடுதலும் முறையாகாது. அவர்தம் மாவட்டத்தில் மனநல மருத்துவர் இல்லை, கீழ்ப்பாக்கம் தொலைவிலிருந்தது, வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு ஆளுமில்லை, பொருளுமில்லை. ஏர்வாடி அவர்களுக்கு எட்டிய ஓரிடம்.

தீ விபத்துக்குப் பின் ஒரு வாரத்திற்குள் அங்கிருந்த இல்லங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் சென்னை மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். நீதிபதி இராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

தீர்ப்பும் ஆய்வும்

உச்ச நீதிமன்றம் இவ்விபத்தைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. 2002-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் அது பிறப்பித்த ஆணையில், ஒவ்வொரு மாநிலமும் மனநோயாளரைப் பேணும் இடங்களை மாவட்டவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். குறைந்தபட்சத் தரமில்லாதவற்றுக்கு உரிமம் மறுக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு மனநல மருத்துவமனை ஒன்றேனும் அமைய வேண்டும் என்றெல்லாம் பணித்தது. சங்கிலியிடுதல் சட்டத்துக்கு மாறானது என்றும், நோயாளரைக் கோயிலுக்கோ தர்காவுக்கோ அன்றி மருத்துவரிடமே அனுப்ப வேண்டும் என்றும் மக்களுக்கு அறிவுறுத்தும்படி அரசுகளுக்கு ஆணையிட்டது.

அதே 2002-ஆம் ஆண்டில், பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் பிரித்தானிய மருத்துவ இதழில் கட்டுரையொன்றை வெளியிட்டனர். தமிழ்நாட்டிலுள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளரை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்கள் சராசரியாக ஆறு வாரங்கள் அங்குத் தங்கினர். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. அங்குப் பணம் பறித்தல் இல்லை. நோயாளர் உறவினரோடு தங்கிக் கோயிற் பணிகளில் கலந்துகொண்டனர்.

இவ்விரு ஆவணங்களையும் இணைத்துப் படிக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. வழிபாட்டிடம் என்பதனாலேயே ஓரிடம் கொடுமைக்குரியதாகிவிடாது. மருத்துவமனை என்பதனாலேயே பாதுகாப்பானதாகிவிடவும் மாட்டாது. உடனிருந்து பார்க்கும் உறவு உண்டா, வெளியார் வந்து சோதிக்கும் வழக்கம் உண்டா என்பவையே வேறுபாட்டைத் தோற்றுவிக்கின்றன. பின்னாளில் ஏர்வாடித் தர்கா வளாகத்திலேயே மருந்தையும் வழிபாட்டையும் இணைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் எனலாம்.

அறிவுவளர்ச்சி குன்றியோரின் நிலை

மனநலச் சட்டம் விலக்கிய அறிவுவளர்ச்சி குன்றியோருக்கு 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் இடமளித்தது. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க உள்ளூர்க் குழுக்களை ஏற்படுத்தியது. பாதுகாவலரே கொடுமை செய்தாலோ புறக்கணித்தாலோ அவரை நீக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. காப்பவரும் கண்காணிக்கப்பட வேண்டும் என்னும் கருத்து இங்குச் சட்ட வடிவம் பெற்றது.

2009-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கு இவ்வரலாற்றில் ஒரு மைல்கல். சண்டிகரில் அரசு நடத்திய காப்பகத்தில் தங்கியிருந்த, அறிவுவளர்ச்சி சிறிதளவு குன்றிய பெண்ணொருவர் வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்றார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அப்பெண்ணோ குழந்தையைப் பெற விரும்பினார். மனநோய் வேறு, அறிவுவளர்ச்சிக் குறை வேறு. அவருடைய இசைவின்றிக் கருவைக் கலைத்தலாகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பகத்தின் சுவருக்குள்ளேயே கொடுமைக்கு ஆளானவர், தம் விருப்பத்தைக் கேட்கச் செய்வதற்கு நாட்டின் மிக உயர்ந்த மன்றம் வரை வழக்குச் செல்ல வேண்டியிருந்தது.

புதிய சட்டங்கள்

ஐக்கிய நாடுகள் அவை 2006-ஆம் ஆண்டில் ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் உறுதிசெய்தது. அதன் விளைவாக 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டமும், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் பிறந்தன. முன்னதன் 7-ஆம் பிரிவின்படி, கொடுமையும் சுரண்டலும் நிகழ்வதை அறிந்த எவரும் நிருவாக நடுவரிடம் முறையிடலாம். பாதிக்கப்பட்டவரே வாய்திறக்க வேண்டும் என்னும் தடை இதனால் நீங்கியது. பின்னதன் 95-ஆம் பிரிவு மனநோயாளரை எவ்வகையிலும் எவ்வடிவிலும் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்தது. ஏர்வாடிக்கும் இப்பிரிவுக்கும் இடையே பதினாறு ஆண்டுகள். ஆயினும் 2019-ஆம் ஆண்டில், உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் வழிபாட்டிடம் சார்ந்த காப்பகம் ஒன்றில் நோயாளர் சங்கிலியில் கிடந்த செய்தி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது.

மலேசியாவும் சிங்கப்பூரும்

நம் நாடுகளும் இதே காலனியச் சட்ட மரபிலிருந்து கிளைத்தவையே. மலாயாவின் 1952-ஆம் ஆண்டு மனக்கோளாறுச் சட்டத்தின் இடத்தை 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் பெற்றது. ஆனால் இதுவும் 2010-இல்தான் நடப்பிற்கு வந்தது. பராமரிப்பு மையங்கள் பதிவுபெற வேண்டும் என 1993-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், உடலாலோ மனத்தாலோ இயலாத வயதுவந்த குடும்ப உறுப்பினரையும் தன் பாதுகாப்பில் கொண்டது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டம் இயற்றப்பட்டபோது அதில் பாகுபாடு காட்டுவோருக்குத் தண்டனை இடம்பெறவில்லை என்னும் குறை தொடர்ந்து சுட்டப்பட்டு வந்துள்ளது. சிங்கப்பூர் 2018-ஆம் ஆண்டில் எளிதில் பாதிக்கப்படக்கூடிய வயதுவந்தோர் சட்டத்தை இயற்றி, அதிகாரிகள் வீட்டினுள் நுழைந்து விசாரிக்கவும் பாதிக்கப்பட்டவரைப் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றவும் வழிவகுத்தது. இத்தகையோருக்கு எதிரான குற்றங்களுக்கு இருமடங்கு வரை தண்டனை விதிக்க 2020 முதல் அங்கு இடமுண்டு.

முடிவுரை

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது, சட்டம் முதலில் சொத்தைக் காத்தது; அடுத்து ஊரைக் காத்தது; மிக அண்மையில்தான் மனிதரைக் காக்கத் தலைப்பட்டது என்பது தெளிவாகிறது. ஏர்வாடியில் தோற்றது சட்டத்தின் வாசகம் அன்று. வாசகத்தை அக்கொட்டகை வரை கொண்டுசெல்லும் ஆய்வாளர் வரவில்லை. அருகில் மருத்துவர் இல்லை. உள்ளிருந்தோர் சொல்லைக் கேட்கும் செவியும் இல்லை.

இம்மூன்றனுள் இறுதியானது மொழியோடு தொடர்புடையது. ஆகையால் தமிழாசிரியர்க்கு நெருங்கியது. சென்னையில் கீழ்ப்பாக்கம், மலேசியாவில் தஞ்சோங் ரம்புத்தான், சிங்கப்பூரில் உட்பிரிட்ஜ் ஆகிய இடப்பெயர்கள் ஏளனச் சொற்களாக நம் மாணவர் வாயிலும் வழங்குகின்றன. ஒருவரின் பேச்சைப் பொருளற்றதாக்க அப்பெயரைச் சொன்னாலே போதும் என்னும் நிலை, ஏர்வாடியில் அடிபட்டவரின் சொல்லை மதியாமற் போன அதே மனநிலையின் எளிய வடிவமாகும். சட்டத்தை இயற்றுவது மன்றங்களின் வேலை. அச்சட்டம் காக்க முனைபவரின் சொல்லுக்குப் பொருளுண்டு எனக் கற்பிக்கும் வேலையில் வகுப்பறைக்கும் பங்குண்டு.