இரண்டாவது கேள்வி

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையில் ஒரு நாளின் அலுவல் திருக்குறளோடு தொடங்குகிறது. பேரவைத் தலைவர் ஒரு குறளைப் படித்துப் பொருள் சொல்லி முடித்ததும் வினாக்கள் – விடைகள். அந்த ஒரு மணி நேரம் கழிந்த பிறகுதான் நேரமில்லா நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை விவாதம், வெட்டுத் தீர்மானங்கள், அமைச்சரின் பதிலுரை, சட்டமுன்வடிவுகள் எல்லாம் வருகின்றன. மறுநாள் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் இடம்பிடிப்பவை பெரும்பாலும் இந்தப் பின்பகுதியில் நடந்தவைதாம்: வெளிநடப்பு, வெளியேற்றம், புதிய அறிவிப்பு. முதல் ஒரு மணி நேரம் உள்பக்கத்தில் நாலு வரியோடு போய்விடும். ஆனால் இந்த மன்றத்தின் 160 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைப் படித்துப் பார்த்தால், ஆட்சியில் இருந்தவர்கள் மக்கள் சார்பாளர்களுக்கு விட்டுக்கொடுக்க மிகவும் தயங்கியது அந்த ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் ஒரு சின்ன உரிமையைத்தான் என்று தெரிகிறது. அது கேள்வி கேட்கும் உரிமைகூட அல்ல. பதில் வந்த பிறகு, அந்தப் பதிலை வைத்தே இன்னொரு கேள்வி கேட்கும் உரிமை. பேரவை வழக்கில் துணைக் கேள்வி. ஒரு சட்டமன்றம் உயிரோடு இருக்கிறதா என்பதை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்று கருதுகிறேன்.

முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் உள்ள வேறுபாடு, ஒரு கேள்வி கடந்து வரும் பாதையைப் பார்த்தால் விளங்கும். உறுப்பினர் எழுதிக் கொடுக்கிறார்: இந்தத் தொகுதியில், இந்த ஊராட்சியில் துணை மின்நிலையம் அமைக்க அரசு முன்வருமா? பேரவைச் செயலகம் அதை விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பேரவைத் தலைவர் அனுமதித்தால் துறைக்குப் போகிறது. தலைமைச் செயலகத்தின் பிரிவு ஒன்றில் கோப்பு திறக்கிறார்கள். அங்கிருந்து துறைத் தலைமைக்கும் மாவட்டத்துக்கும் போய், களத்தில் இருக்கும் பொறியாளரின் அறிக்கையோடு திரும்பி, வரைவு விடையாகிப் படிப்படியாக மேலேறி அமைச்சரின் ஒப்புதலைப் பெறுகிறது. இத்தனை கை பட்ட விடையில் எந்தச் சொல்லும் தற்செயலாக வருவதில்லை. ‘கருத்துரு பரிசீலனையில் உள்ளது’, ‘நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்’ என்ற வாசகங்கள் இப்படி உருண்டு வழுவழுப்பானவை. பிறகு உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வி கேட்கிறார்: பரிசீலனை எந்த ஆண்டு தொடங்கியது? இடம் தேர்வாகிவிட்டதா? அந்த நொடியில் கோப்பு உதவாது. அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச் சீட்டு வருவதற்குள் அமைச்சர் வாய் திறந்தாக வேண்டும். முதல் விடை துறையின் விடை. இரண்டாவது விடைதான் அமைச்சரின் விடை.

இந்த வேறுபாட்டை வெள்ளைக்கார ஆட்சியாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1853ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தின்படி கல்கத்தாவில் அமைந்த சட்டசபை, சட்டம் இயற்றுவதோடு நில்லாமல் நிர்வாகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கவும், கணக்குக் கேட்கவும் தொடங்கியது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஆங்கிலேய அதிகாரிகளும் நீதிபதிகளும்தான். அப்படியிருந்தும் லண்டனுக்கு அது பொறுக்கவில்லை. 1861இல் இந்திய கவுன்சில்கள் சட்டம் சென்னைக்கும் பம்பாய்க்கும் சட்டம் இயற்றும் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்த அனுபவத்தை நினைவில் வைத்தே மன்றத்தின் கையைக் கட்டிப்போட்டது. சட்டமுன்வடிவைத் தவிர வேறெதையும் பேசக்கூடாது. சென்னையில் ஆளுநர் நியமித்துக்கொள்ளக்கூடிய கூடுதல் உறுப்பினர்கள் நாலு முதல் எட்டுப் பேர். அவர்களில் பாதிப் பேராவது அரசு அலுவலர் அல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. சட்டத்துக்குக் கருத்துச் சொல்லலாம், கேள்வி மட்டும் கூடாது. ஆக இந்த மன்றம் பிறந்தபோதே கேள்வி இல்லாமல்தான் பிறந்தது.

கேள்வி இல்லாத இடத்தில் மனு இருந்தது. கஜுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னைச் சுதேசி சங்கம் 1852இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு நீண்ட மனு அனுப்பியது. வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரும் அதில் இருந்தது. அது வீண்போகவில்லை, சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்க ஓர் ஆணையம் அமைந்து, 1855இல் அறிக்கை கொடுத்து, புகார் உண்மை என்று ஒப்புக்கொண்டது. மனுவின் வலிமைக்கு இது சான்று. அதன் எல்லைக்கும் இதுவே சான்று. கடல் தாண்டிப் போன புகாருக்கு ஆண்டுகள் கழித்து அறிக்கை வந்தது. அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு ‘அந்தத் தாசில்தார் இன்னும் பதவியில் இருக்கிறாரா?’ என்று கேட்க சென்னையில் ஒரு மேடையும் இல்லை. மனு கொடுத்தவன் காத்திருக்க வேண்டும். எப்போது பதில் சொல்வது, எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது எல்லாம் வாங்கியவர் கையில்.

இதனால்தான் 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ், சட்டமன்றங்களை விரிவாக்கக் கேட்டதோடு, வரவுசெலவுத் திட்டத்தை அவற்றின் முன் வைக்க வேண்டும், உறுப்பினர்கள் நிர்வாகத்தைக் கேள்வி கேட்க உரிமை வேண்டும் என்றும் தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சென்னையின் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஏழு ஆண்டுகள் கழித்து, 1892ஆம் ஆண்டுச் சட்டம் கேள்வி உரிமையைக் கொடுத்தது. கொடுத்த விதம்தான் கவனிக்க வேண்டியது. முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். அனுமதிப்பதும் மறுப்பதும் தலைமை வகிப்பவர் விருப்பம். விடை படித்ததும் அதன்மேல் எந்தப் பேச்சும் கூடாது. முதல் கேள்வியைக் கொடுத்து இரண்டாவதை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 1909இல் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் துணைக் கேள்வியை அனுமதித்தது, ஆனால் மூலக் கேள்வி கேட்டவருக்கு மட்டும். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி தேர்தல் நடந்து, 1921 ஜனவரியில் கன்னாட் கோமகன் தொடங்கிவைத்த புதிய சென்னை சட்டமன்றத்தில்தான் எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றாயிற்று. முதல் கேள்விக்கு 31 ஆண்டு; அடுத்தவர் கேள்வியைப் பிடித்துத் தொடரும் உரிமைக்கு மேலும் 29 ஆண்டு. அறுபது ஆண்டு இழுபறி இது.

அந்த இரட்டையாட்சிக் காலத்து மன்றத்தில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் போன்றவை அமைச்சர்களிடம். காவல், நிலவரி, நிதி போன்ற ‘ஒதுக்கப்பட்ட’ துறைகள் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம். மன்றம் வெட்டிய ஒதுக்கீட்டை ஆளுநர் தம் சான்றால் திரும்ப நிலைநாட்டலாம். அதாவது வாக்குக்கு இறுதி வலு கிடையாது. ஆனால் ஒதுக்கப்பட்ட துறைகளின் தலைவர்களும் கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. தாழ்த்தப்பட்டோரின் சார்பாளர்களான எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்றோர் மிகச் சிலராய் அந்த அவையில் உட்கார்ந்திருந்தபோது, எண்ணிக்கையை வைத்து அவர்களால் எதையும் நிறைவேற்றியிருக்க முடியாது. ஆனால் பொதுக் கிணறும் பொதுச் சாலையும் எங்கெங்கே தம் மக்களுக்கு அடைபட்டிருக்கின்றன என்பதை அரசின் வாயாலேயே சொல்ல வைக்க முடிந்தது. பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் திறந்தவை என்று 1924இல் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை அவை ஏற்றதையும் அரசு ஆணை பிறந்ததையும் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆணை ஊர்களில் நடைமுறையில் இருக்கிறதா என்ற தொடர்கேள்வி இல்லாவிட்டால், அந்த ஆணை காகிதமாகவே இருந்திருக்கும். பல ஊர்களில் அப்படித்தான் இருந்தது என்பதை நாம் அறிவதும் அந்தக் கேள்விகளால்தான்.

மொழியும் இதில் ஒரு பெரிய தடையாக இருந்தது. அந்த மன்றத்தின் அலுவல் மொழி ஆங்கிலம். அதில் சரளமாகப் பேச வராதவருக்குத்தான் தாய்மொழி விலக்காக அனுமதிக்கப்பட்டது. எழுதிக் கொடுத்த முதல் கேள்வியை வக்கீல் ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். இரண்டாவது கேள்வியை யாரும் எழுதித் தர முடியாது. பதிலைக் காதால் கேட்டு, அந்தக் கணமே அதன் ஓட்டையைக் கண்டு, நின்றபடியே கேட்க வேண்டும். அது தன் மொழியில்தான் வரும். 1956 நவம்பரில் மொழிவழி மாநிலம் அமைந்து, அதே ஆண்டு டிசம்பரில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்ததைப் பண்பாட்டு வெற்றியாகக் கொண்டாடுகிறோம். சட்டமன்றத்தைப் பொறுத்தவரை, ஆங்கிலம் படிக்காத ஒரு விவசாயி உறுப்பினர் அமைச்சரை மடக்கிக் கேட்கும் வாய்ப்பு என்பதுதான் அதன் உடனடிப் பயன்.

அதற்கடுத்த ஆண்டே துணைக் கேள்வியின் வலிமைக்குச் சோதனை வந்தது. 1957 தேர்தலில் தி.மு.க. 15 இடங்களோடு முதன்முறையாக அவைக்குள் வந்தது. மொத்த இடங்கள் 205. அந்தப் பதினைந்து பேரால் ஒரு சட்டமுன்வடிவையும் தோற்கடிக்க முடியாது, ஒரு ரூபாயையும் வெட்ட முடியாது. ஆனால் அண்ணாவும் அவருடன் வந்தவர்களும் அந்த ஐந்தாண்டில் பெற்ற செல்வாக்கு அவைக்கு வெளியே பேசிய மேடைகளில் மட்டும் வளர்ந்ததல்ல. குளித்தலையிலிருந்து வந்த கருணாநிதியின் கன்னிப்பேச்சு நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினை பற்றியது. ஓர் ஊரின் நிலத் தகராறை அமைச்சர் முன் வைத்துப் பதில் கேட்க எண்ணிக்கை தேவையில்லை, விவரம் தெரிந்திருந்தால் போதும். 1962இல் அந்தக் கட்சி 50 இடங்களுக்கு உயர்ந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவையில் விவரத்தோடு கேட்டவர்கள் என்று பெயரெடுத்தது அவற்றுள் ஒன்று என்பதே என் முடிவு.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. சட்டமன்றத்தின் பெருமை அதன் பெரிய தீர்மானங்களில் இருக்கிறதே தவிர தெருவிளக்குக் கேள்விகளில் இல்லை என்பார்கள். 1967 ஜூலை 18இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கோரிய தீர்மானமும், 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானமும், 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானமும் பெரிய நாட்கள்தாம். நான் அவற்றைக் குறைக்கவில்லை. ஆனால் அந்த முடிவுகள் தெருவிலும் தேர்தலிலும் ஏற்கெனவே விளைந்தவை. பேரவை அவற்றைப் பதிவுசெய்தது. அப்படிப்பட்ட நாள் பத்தாண்டில் ஒன்றிரண்டு வரும். மீதி நாட்களில் ஆட்சி நடப்பது துணை மின்நிலையத்திலும் தடுப்பணையிலும் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும்தான். அங்கே கேட்க ஆளில்லாவிட்டால் எங்கே கேட்பது?

இன்னொரு மறுப்பு இன்றைக்கு உரியது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தை முதன்முதலில் இயற்றிய மாநிலமே தமிழ்நாடுதான், 1997இல். 2005இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்துவிட்டது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் யாரும் கேட்டுப் பெறக்கூடிய தகவலுக்கு உறுப்பினர் ஏன் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்? இதற்கு விடை இந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. அந்தச் சட்டம் கொடுப்பது அலுவலரிடம் இருக்கும் காகிதம். ‘ஏன் செய்யவில்லை’ என்பது காகிதத்தில் இருக்காது. அதை அமைச்சரிடம்தான் கேட்க வேண்டும், எல்லோர் முன்பும் கேட்க வேண்டும். தகவல் உரிமையால் 1892ஆம் ஆண்டின் உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் கிடைத்தது, அது நல்லதே. 1921ஆம் ஆண்டின் உரிமை இன்னும் அவைக்குள்தான் இருக்கிறது. அமைச்சர்கள் மழுப்புகிறார்கள் என்ற குறையும் உண்மைதான். ஆனால் மழுப்பல் அவைக்குறிப்பில் அச்சாகிறது. ‘செய்வோம்’ என்று வாய்தவறி வந்த சொல்லும் அச்சாகிறது, அதை எடுத்துப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று பேரவையில் இருக்கிறது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பேரவை விதிகளில் 110ஆம் விதி, பொது முக்கியத்துவம் வாய்ந்த பொருள் பற்றி அமைச்சர் ஒருவர் தலைவரின் இசைவோடு அறிக்கை படிக்க வழிசெய்கிறது. படிக்கும் நேரத்தில் அதன்மேல் விவாதம் கிடையாது. வெள்ளம், விபத்து போன்ற அவசரங்களுக்குப் பொருத்தமான விதி. 2011க்குப் பிந்தைய ஜெயலலிதா ஆட்சியில் இது திட்டங்களை அறிவிக்கும் வழக்கமான வாசலாயிற்று. அதற்குப் பின் வந்த ஆட்சியிலும் முதலமைச்சர் இதே விதியின் கீழ் அறிவிப்புகள் செய்தார். அறிவிப்பை அவையில் செய்வது வெளியே செய்வதைவிட மரியாதையான செயல், அது அரசைக் கட்டுப்படுத்துகிறது என்று இதை ஆதரிப்போர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கேட்டு முடித்ததும் மேசையைத் தட்டுவதைத் தவிர அவைக்கு வேறு வேலை இல்லாமல் போகிறது. பணம் எந்தத் தலைப்பிலிருந்து, எந்த மாவட்டத்துக்கு முதலில், போன ஆண்டு அறிவித்தது என்ன ஆயிற்று என்று கேட்க அங்கே இடமில்லை. 2020 செப்டம்பரில் பெருந்தொற்றைக் காட்டி நாடாளுமன்றம் கேள்வி நேரத்தை ரத்து செய்தபோதும் எழுத்துவழி விடைகளை நிறுத்தவில்லை. முதல் கேள்வியை விட்டுவைத்து இரண்டாவதை எடுத்துவிட்டார்கள். 1892இன் ஏற்பாட்டுக்கு அச்சு அசலாகத் திரும்பிய நாட்கள் அவை.

2022 ஜனவரி 6 முதல் தமிழ்நாடு பேரவையின் கேள்வி நேரம் நேரலையாக வருகிறது. நல்ல தொடக்கம். அடுத்த படி கடினமானதும் அல்ல. 110ஆம் விதி தடுப்பது அறிக்கை படிக்கப்படும் நேரத்து விவாதத்தைத்தான். மறுநாள் கேள்வி நேரத்தில் அந்த அறிவிப்பின்மேல் துணைக் கேள்விகளை மட்டும் பதினைந்து நிமிடம் அனுமதிப்பதை அது தடுக்கவில்லை. பேரவைத் தலைவரும் அவை முன்னவரும் எதிர்க்கட்சித் தலைவரும் அலுவல் ஆய்வுக் குழுவில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டால் அடுத்த கூட்டத்தொடரிலேயே தொடங்கலாம்.